தேய்த்தாலும் தளராத நூல்

லெக்கிங்ஸ், டி-ஷர்ட், உள்ளாடை, ஜீன்ஸ் என்று நம் உடைகளுக்குள் ஒளிந்திருக்கும் இழுவை நூலுக்குச் சூடுதான் எமன். அந்த நூலை ஒளியால் இறுக்கி, சூடு தாங்க வைக்க ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு அதை ஏன் கையில் எடுக்க வேண்டும்?

ராஜா அண்ணாமலைபுரம், காலை ஏழு மணி. ஐயப்பன் கோயில் பக்கமிருந்து உள்ளே திரும்பும் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது இஸ்திரி வண்டி. கரி கனன்று பெட்டி சூடேறியதும் முதலில் வருவது கஞ்சி போட்ட காட்டன் புடவைகள். அடுத்து வேட்டி, அதற்குப் பிறகு பள்ளிச் சீருடை. மூட்டையின் அடியில் கிடக்கும் லெக்கிங்ஸையும் ஒட்டிப்பிடிக்கும் டி-ஷர்ட்டையும் வண்டிக்கார அம்மா தொடுவதே இல்லை. கரி சாம்பல் பூத்து, பெட்டி தணிந்து, தெளித்த தண்ணீர் சீறாமல் அடங்கிய பிறகுதான் அவற்றின் முறை வரும். அதற்கும் மேலே ஒரு ஈரத்துணியை விரித்துத்தான் தேய்க்கிறார். காரணம் கேட்டால், எலாஸ்டிக் செத்துவிட்டால் வீட்டுக்காரர்கள் தன்னைத்தான் கேட்பார்கள் என்கிறார்.

பாலிமர் வேதியியல் படிக்காமலே அந்தம்மா கண்டுகொண்ட இந்த ஒழுங்கு, ஜவுளித் தொழில் அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டிவரும் ஒரு சிக்கலின் தெருமுனை வடிவம். திருப்பூரில் துணியைச் சூடேற்றி நிலைநிறுத்தும் ஸ்டெண்டர் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் மாஸ்டரும் இதே கவலையோடுதான் டிகிரியைத் திருகுகிறார்.

லைக்ராவின் பலமும் பலவீனமும்

அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958-ல் உருவாக்கியது ஸ்பான்டெக்ஸ். 1960-களின் தொடக்கத்தில் லைக்ரா என்ற பெயரில் கடைக்கு வந்தது. பெண்களின் உள்ளாடையில் அதுவரை இருந்த கனமான ரப்பர் நூலுக்கு மாற்றாகத் தேடப்பட்ட பொருள் அது. தன் நீளத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும். துணியில் நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தாலே போதும், உடை உடம்போடு ஒட்டி நிற்கும். அதனால்தான் திருப்பூரில் எந்த நிறுவனத்தின் நூலாக இருந்தாலும் அதற்குப் பெயர் லைக்ராதான்.

இந்த நூலுக்குள் மென்மையான பகுதிகளும் கெட்டியான பகுதிகளும் மாறிமாறி வருகின்றன. மென்பகுதி நீள்கிறது, கெட்டிப்பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நீண்டதைத் திரும்ப இழுத்துவருகின்றன. அந்தப் பிடி வலுவான வேதிப் பிணைப்பு அல்ல, வெறும் ஈர்ப்பு. சூடு ஏற ஏறப் பிடி தளரும். 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நூல் மெல்ல வலுவிழக்கத் தொடங்கும். துணியின் அகலத்தையும் எடையையும் நிலைநிறுத்த, 180 முதல் 195 டிகிரி வரை சில நொடிகள் சூடுகாட்டுகிறார்கள். இதுதான் ஹீட் செட்டிங். அங்கே கொஞ்சம் கூடிப்போனால் இழுவை செத்துவிடும், குறைந்துபோனால் துவைத்ததும் துணி சுருங்கிவிடும். பாலியெஸ்டரோடு கலந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பாலியெஸ்டருக்குச் சாயம் ஏற 130 டிகிரியில் அழுத்தத்தோடு வேகவைக்க வேண்டும். அந்த வேக்காட்டில் சாதாரண ஸ்பான்டெக்ஸ் தன் விசையில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது.

இதற்கு ஒரு மாற்று முன்பே வந்திருக்கிறது. டௌ கெமிக்கல் நிறுவனம் 2002-ல் எக்ஸ்எல்ஏ என்ற நூலைக் கொண்டுவந்தது. பாலித்தீனின் நெருங்கிய உறவான ஒரு பிளாஸ்டிக்கை உருக்கி, நூலாக இழுத்து, பிறகு மின்னணுக் கற்றையால் இறுக்கிய இழை அது. 220 டிகிரி வரை தாங்கும் என்றது நிறுவனம். நீச்சல் குளத்து குளோரினுக்கும் அது அசையவில்லை. 2003 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இந்த வகைக்கு லாஸ்டால் என்று தனிப் பெயரே கொடுத்தது. ஆனாலும் லைக்ராவை அதனால் விரட்ட முடியவில்லை. அதன் இழுப்பு மென்மையானது. இறுக்கிப்பிடிக்கும் உடைகளுக்கு லைக்ராவின் விசைதான் வேண்டியிருந்தது. மின்னணுக் கற்றையின் செலவும் குறுக்கே நின்றது. அந்தச் செலவைக் குறைக்கும் வழியாகத்தான் புற ஊதா ஒளி வருகிறது.

ஒளி போடும் முடிச்சு

பாலிமர் என்பது நீண்ட சங்கிலிகளின் குவியல். இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் பின்னிக் கிடந்தாலும் ஒன்றை உருவினால் தனியே வந்துவிடும். சூடுபட்ட பிளாஸ்டிக் வழிவதும் இப்படித்தான், சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. அந்த இழைகளை அங்கங்கே ஒன்றோடொன்று கட்டிவிட்டால் முழுதும் ஒரே வலையாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் வழியாது. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். குறுக்குப் பிணைப்பு என்பது இதுதான். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிச் செய்ததும் இதையேதான்.

புற ஊதா ஒளியில் அந்த முடிச்சு விழும் விதம் அழகானது. உருகிய பிளாஸ்டிக்கோடு பென்சோஃபினோன் போன்ற ஒரு ஒளித்தூண்டியைச் சிறிதளவு கலந்துவிடுகிறார்கள். விளக்கின் ஒளியை வாங்கிக்கொண்ட அந்த மூலக்கூறு, பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறிக்கிறது. பறிகொடுத்த இடம் துணை தேடித் தவிக்கிறது. அப்படித் தவிக்கும் இரண்டு இடங்கள் சந்தித்தால் ஒரு முடிச்சு. முடிச்சுகள் வேகமாக விழ, டிரையல்லில் ஐசோசயனுரேட் போன்ற ஒரு துணைப்பொருளையும் சேர்ப்பதுண்டு. உலையும் கரைப்பானும் தேவையில்லை, வேலையும் விரைவாக முடிந்துவிடுகிறது.

பாலித்தீனை இப்படி ஒளியால் கட்ட முடியும் என்பதை ஸ்டாக்ஹோமின் பெங்ட் ரோன்பி, சீனாவின் சூ பாவோஜுன் போன்றவர்கள் 1980-களிலும் 90-களிலும் விரிவாக ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியை முதலில் பிடித்துக்கொண்டது மின்கம்பித் தொழில். புற ஊதா விளக்குகளுக்கு நடுவே ஓடும் கம்பியின் உறை, ஓடும்போதே இறுகிச் சூடு தாங்கும் உறையாகிறது. கம்பி உறையில் முடிந்ததை, தலைமுடி அளவே பருமனுள்ள நூலில் செய்வதுதான் இன்றைய சவால்.

பெட்டிச் செய்தி: யூவி க்யூரிங் (ஒளியால் இறுக்குதல்), நம் வட்டாரத்திலேயே

● பல் மருத்துவர் பல்லில் பசையை அடைத்து நீல விளக்கைக் காட்டுகிறாரே, அதுவும் ஒளியால் இறுக்குவதுதான். 1970-களில் இதற்குப் புற ஊதா விளக்கே பயன்பட்டது. பாதுகாப்புக்காகவும், ஒளி ஆழமாக இறங்குவதற்காகவும் பின்னர் 470 நானோமீட்டர் அளவிலுள்ள நீல ஒளிக்கு மாறினார்கள்.

● அழகு நிலையத்தில் ஜெல் நகப்பூச்சு உலர்வதும் இப்படியே. அதில் சேரும் டிபிஓ என்ற ஒளித்தூண்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது.

● சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் ஓடும் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கிவைக்கப்பட்டது. இத்தகைய கேபிள்களின் உயிர்நாடி 125 மைக்ரான் பருமனுள்ள கண்ணாடி இழை. அதன்மேல் மென்மையாக ஒன்றும் கெட்டியாக ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் உறைகள். இரண்டையும் இறுக்குவது புற ஊதா ஒளி.

ஓடும் நூலில் ஒரு கணம்

மின்னணுக் கற்றைக்கு ஊடுருவும் வலு உண்டு. நூலைக் கண்டில் சுற்றி முடித்த பிறகும் அதைக் காட்டி இறுக்கலாம். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தடித்த கான்கிரீட் சுவர் வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், கோடிகளில் முதலீடு வேண்டும். பின்னலாடைத் தொழிலில் இருக்கும் சிறு முதலாளிக்கு இது எட்டாத உயரம்.

புற ஊதா விளக்கு அப்படியல்ல. அதை ஒரு சிறு கூடத்திலேயே பொருத்திவிடலாம். ஆனால் அதற்கு ஊடுருவும் வலு குறைவு. சுற்றிய கண்டின் மேலடுக்கில் மட்டும் ஒளி படும், உள்ளே இருக்கும் நூல் பச்சையாகவே நிற்கும். எனவே நூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கண்டில் ஏறுவதற்கு முன்பே, வேலையை முடித்தாக வேண்டும். டெனியர் என்ற நூல் அளவில் 40 உள்ள நூலின் பருமன் ஏறக்குறைய 80 மைக்ரான். அந்த மெல்லிய உடம்புக்குள் ஒளி எளிதில் புகுந்துவிடும். வேகம்தான் இடைஞ்சல். நிமிடத்துக்கு 600 மீட்டர் ஓடும் நூல், அரை மீட்டர் நீள விளக்கின் கீழ் இருப்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு. அந்தக் கணத்துக்குள் முடிச்சுகள் போதுமான அளவு விழ வேண்டும்.

இதை முடியாத காரியம் என்று தள்ளிவிட முடியாது. ஆப்டிக்கல் ஃபைபரின் உறை, நிமிடத்துக்கு 1,000 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில்தான் இறுகுகிறது. ஆனால் அங்கே இறுகுவது ஒளிக்கென்றே தயாரான அக்ரிலேட் பசை. இங்கே இறுக வேண்டியதோ, ஒளியோடு அவ்வளவு எளிதில் உறவாடாத பாலித்தீன் குடும்பம். காற்றிலுள்ள ஆக்சிஜன் வேறு நடுவில் புகுந்து, தவிக்கும் இடங்களைத் தானே பிடித்துக்கொண்டு முடிச்சைக் கெடுக்கும். அதனால் விளக்கறையை நைட்ரஜனால் நிரப்புகிறார்கள். நூல் குளிர்ந்து படிகமாவதற்கு முன், வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒளியைக் காட்டினால் பலன் கூடும்.

முடிச்சு போதுமா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. நூலைக் கொதிக்கும் சைலீனில் போடுவார்கள். கட்டப்படாத சங்கிலிகள் கரைந்துபோகும். கட்டப்பட்டவை கரையாமல் கூழாக எஞ்சும். எஞ்சியதன் விகிதமே ஜெல் அளவு. அது குறைந்தால் இஸ்திரிப் பெட்டியில் நூல் இளகும். அளவுக்கு மீறினால் விறைத்து, இழுத்தால் அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடத்தை, ஒவ்வொரு கண்டிலும், ஒவ்வொரு நாளும் தவறாமல் எட்ட வேண்டும். ஆய்வகத்தில் ஒருமுறை வெற்றி காண்பதற்கும் ஆலையில் அதையே நாள்தோறும் செய்வதற்கும் இடைவெளி பெரிது. என் பார்வையில், இந்தத் தொழில்நுட்பத்தின் தலையெழுத்து வேதியியலைவிட இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

திருப்பூரின் கணக்கு

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூருடையது. ஆனால் அந்த ஆடைக்கு இழுவை தரும் நூல் கொங்கு மண்ணில் பிறப்பதில்லை. இந்தோரமா நிறுவனம் 2012-ல் இமாசலப் பிரதேசத்தின் பத்தி நகரில் ஸ்பான்டெக்ஸ் ஆலை தொடங்கியது. கொரியாவின் ஹயோசங் மகாராஷ்டிராவில் ஆலை அமைத்தது. மற்றது கப்பலில் வருகிறது. பருத்தி நூலில் உலகத்துக்கே பாடம் சொல்லும் ஊர், சில கிராம் இழுவை நூலுக்கு வெளியூரை எதிர்பார்த்து நிற்கிறது.

ஸ்பான்டெக்ஸ் ஆலை பெருமுதலீட்டுக்காரர்களின் தொழிலாகவே இருப்பதற்கு, அது தயாராகும் முறையும் ஒரு காரணம். பெரும்பாலான ஸ்பான்டெக்ஸ், பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்து, நுண்துளைகள் வழியே சூடான வாயுவுக்குள் பீய்ச்சி, கரைப்பானை ஆவியாக்கி எடுக்கப்படுகிறது. டிஎம்ஏசி, டிஎம்எஃப் என்று தொழிலில் அழைக்கப்படும் இந்தக் கரைப்பான்கள் இரண்டையும், இனப்பெருக்க நலனைப் பாதிப்பவை என்று ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. டிஎம்எஃப் கல்லீரலையும் தாக்கும். 2021-ல் அதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்து, செயற்கை நூல் நூற்போருக்கு 2025 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தது ஐரோப்பா. ஆவியான கரைப்பானைப் பிடித்து மீட்கும் அமைப்பே ஆலையின் செலவில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

உருக்கி நூற்று ஒளியால் இறுக்கும் முறையில் இந்தக் கரைப்பானே கிடையாது. சிறிய அளவிலும் தொடங்கலாம். ஒரு ஊரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வரிசை இயந்திரம் போடுவது கற்பனைக்கு எட்டும் காரியம். சூடு தாங்கும் நூல் கிடைத்தால், பாலியெஸ்டர் கலந்த விளையாட்டு உடைகளுக்கு 130 டிகிரியில் துணிந்து சாயமிடலாம். பருத்தியை நம்பியே வளர்ந்த ஜவுளித் தொழில், செயற்கை இழை ஆடைகளுக்கு நகர வேண்டும் என்று மத்திய அரசு 2021-ல் 10,683 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது. அந்த நகர்வுக்கு இடைஞ்சலாக நிற்பவற்றில் இந்தச் சூட்டுச் சிக்கலும் ஒன்று.

பெட்டிச் செய்தி: உங்கள் லெக்கிங்ஸ் நீண்டு உழைக்க

● லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரே ஒரு புள்ளி இருந்தால் மிதமான சூடு, சுமார் 110 டிகிரி. மூன்று புள்ளி என்பது காட்டனுக்கான சூடு. லைக்ரா கலந்த துணிக்கு ஆகாது.

● வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். குளோரின் பிளீச்சிங் பவுடர் சாதாரண ஸ்பான்டெக்ஸை மஞ்சளாக்கி அறுத்துவிடும்.

● மொட்டைமாடி வெயிலில் நாள் முழுக்கக் காயவிடாமல், உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் போடுங்கள்.

மிச்சம் நிற்கும் மருந்து

இனி சங்கடமான பகுதிக்கு வருவோம். நூலுக்குள் கலந்த ஒளித்தூண்டி முழுதும் செலவாகிவிடுவதில்லை. ஒரு பங்கு மிஞ்சி அங்கேயே தங்கும். அந்த நூல் நம் தோலோடு, வியர்வையோடு, நாள் முழுதும் உரசிக்கொண்டிருக்கும். பென்சோஃபினோனை, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. 2005-ல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற ஒளித்தூண்டி கண்டுபிடிக்கப்பட்டு, லட்சக்கணக்கான லிட்டர் பால் பறிமுதலானது. அட்டைப்பெட்டியில் அச்சடித்த யூவி மையிலிருந்து அது பாலுக்குள் இறங்கியிருந்தது. அட்டையிலிருந்து பாலுக்கு இறங்கும் பொருள், நூலிலிருந்து தோலுக்கு இறங்காது என்று யார் உறுதி சொல்வது?

இதற்கும் வழி உண்டு. சங்கிலியோடு தானும் சேர்ந்து கட்டுப்பட்டுவிடும் ஒளித்தூண்டிகள் இருக்கின்றன. பெரிய மூலக்கூறுகளாகச் செய்து நகரவிடாமல் நிறுத்துவதும் உண்டு. அவை விலை கூடியவை. விலை குறைந்ததைத் தேடும் சந்தை, எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில்தான் எனக்குக் கவலை.

இன்னொன்று சென்னைக்காரர்களுக்கு உடனே புரியும். நூலில் ஒளித்தூண்டி மிச்சமிருந்தால், மொட்டைமாடியில் காயும்போது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அதை மறுபடி எழுப்பிவிடும். விளக்கின் கீழ் கட்டிய அதே வேதியியல், வெயிலில் மெல்ல அறுக்கத் தொடங்கும். இதைத் தடுக்கப் புற ஊதாவை உறிஞ்சும் மருந்தை முன்கூட்டியே கலந்தால், ஆலையில் விளக்கின் ஒளியையும் அதுவே விழுங்கிவிடும். ஐரோப்பியக் கோடைக்குச் செய்த கலவை நம் மே மாதத்துக்குச் செல்லாது. இங்கே சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணும் காற்றும்

புற ஊதா விளக்கின் கீழ் வேலை செய்பவரின் கண்ணுக்கு ஆபத்து உண்டு. வெல்டிங் ஒளியைப் பார்த்தவருக்கு இரவில் மண் விழுந்ததுபோல் உறுத்துமே, அதே பாதிப்பு. பாதரச விளக்குகள் ஓசோன் வாயுவையும் கிளப்பும். எல்இடி விளக்குகளில் பாதரசமும் ஓசோனும் இல்லை, ஆனால் ஒளிக்கசிவு ஒழியவில்லை. பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் பனியன் தொழிலுக்குள் இது வருமானால், மூடிய விளக்கறையும், கதவு திறந்தால் தானே அணையும் விளக்கும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன விலை என்பது திருப்பூருக்குத் தெரியும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் இழந்தது அதைவிட அதிகம்.

கிழிந்த பிறகு

வலையாகக் கட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி உருக்க முடியாது. சூடு தாங்கும் குணமே மறுசுழற்சிக்குத் தடையாகிறது. ஏற்கெனவே லைக்ரா கலந்த பழந்துணியைப் பிரித்து மறுபடி நூலாக்குவது தலைவலி. இழுவை நூல் இயந்திரப் பற்களில் சுற்றிக்கொள்ளும். ஒளியால் இறுக்கிய நூல் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. ஆனால் ஒரு உடை இரண்டு மடங்கு காலம் உழைத்தால், குப்பைக்குப் போகும் துணி பாதியாகும். இழுவை செத்துப்போனதாலேயே நல்ல துணியைத் தூக்கிப்போடும் வீடுகளில் இது சிறிய லாபமில்லை.

ரப்பர் காட்டும் வழி

ஒளியால் இறுக்கிய ரப்பர் ஏற்கெனவே மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. ஆஸ்திரியாவின் செம்பெரிட் நிறுவனம் புற ஊதா ஒளியால் இறுக்கிய அறுவைசிகிச்சைக் கையுறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கந்தக முறையில் சேர்க்கும் முடுக்கிகள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தருகின்றன. அந்த முடுக்கிகள் இல்லாமல் கையுறை செய்ய ஒளி உதவியது. நம் பக்கத்திலும் முன்னுதாரணம் இருக்கிறது. கோட்டயத்தில் ரப்பர் வாரியம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, காமா கதிரால் ரப்பர் பாலை இறுக்கும் முன்னோடி ஆலையை 1990-களிலேயே நடத்தியது. கன்னியாகுமரியில் ரப்பர் பால் இருக்கிறது, திருப்பூரில் எலாஸ்டிக் நாடா பின்னும் தறிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒளியால் இணைக்கும் வேலையைத் தொடங்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாறு பாலத்தைத் தாண்டினால் சர்தார் படேல் சாலை. 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது; பாலிமர் ஆய்வு அதற்குப் புதிதல்ல. அடுத்து ஐஐடி. அதைத் தாண்டினால் 1944-ல் அழகப்பச் செட்டியாரின் கொடையில் எழுந்த ஏ.சி. டெக், ஜவுளித் தொழில்நுட்பம் அங்கே தனித்துறை. கிண்டியில் 1968 முதல் பிளாஸ்டிக் பொறியியலுக்கென்றே சிப்பெட். கோவையில் 1956 முதல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். சென்னையில் சில கிலோமீட்டருக்குள்ளும் கோவையிலுமாக இத்தனை அறிவு குவிந்திருக்க, ஒளியில் இறுகும் இழுவை நூலுக்கு ஒரு முன்னோடி இயந்திர வரிசையைச் சேர்ந்து நிறுவ இவர்களால் முடியும். அதில் நூற்ற நூலைத் திருப்பூர் ஸ்டெண்டரிலும் சென்னை வெயிலிலும் சோதித்து, தோலில் இறங்கும் மருந்தின் அளவோடு சேர்த்து முடிவுகளை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். தமிழக அரசின் ஜவுளித் துறையும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வர வேண்டும். அந்த நூல் இங்கே பிறக்க வேண்டும். நம் தொழிலாளியின் கண்ணையும் நம் பிள்ளைகளின் தோலையும் காக்கும் விதிமுறைகள் அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும்.